கேசுவாலிட்டிக்கு ஒரு ஸ்கேன் மெஷின் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளின் கேசுவாலிட்டிக்கென்றே ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின் வேண்டும். ராத்திரி டியூட்டி டாக்டரே அதை எடுத்துப் பார்க்கப் பயிற்சியும், எழுத்தில் அனுமதியும் வேண்டும்.

பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டு வருகிற இளைஞர் தெளிவாகப் பேசுவார். பிரஷர்கூட நார்மலாக இருக்கும். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் சேர்ந்துகொண்டிருப்பது, அமுக்கிப் பார்த்தால் பல நேரம் பிடிபடாது. ஸ்கேனில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். தேங்கிய ரத்தம் கறுப்பாகத் தெரியும். அப்படியே புரோபை (மெஷினில் கையில் பிடித்து உடம்பில் வைக்கும் பகுதி) நெஞ்சில் வைத்தால், மூச்சுக்கு ஏற்ப நுரையீரல் உறை வழுக்குகிறதா என்பதும் தெரியும். வழுக்கவில்லையென்றால் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கலாம். படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே இதை அடிக்கடி தவறவிடும். எல்லாம் சில நிமிட வேலை; ஸ்ட்ரெச்சரை விட்டு இறக்கவே வேண்டாம். பிரஷர் இறங்கிய ஆளை சிடி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று கூடப் போன நர்ஸைக் கேட்டால் சொல்வார்.

விபத்து மட்டுமில்லை. மூச்சுத்திணறலோடு வரும் பெரியவருக்கு ஆஸ்துமாவா, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பதற்கும் இதே மெஷின் உதவும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் காயமே இல்லை என்று ஆகிவிடாது. குடல் கிழிசலும் முதுகுப்பக்கக் கசிவும் தப்பிவிடும். பயிற்சி கேட்பது அதற்காகத்தான்.

பல ஊர்களில் மெஷின் இல்லாமல் இல்லை. பகலில் கர்ப்பிணிகளுக்குப் பார்த்துவிட்டு அறையைப் பூட்டிவிடுகிறார்கள். சோம்பல் அல்ல, பயம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெஷின், இடம், பார்ப்பவர் எல்லாமே பதிவில் இருக்க வேண்டும். கையடக்க மெஷின் எங்கே இருக்கலாம் என்று 2012-இல் ஒரு விதி; எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஸ்கேன் பார்க்க ஆறு மாதப் பயிற்சி என்று 2014-இல் இன்னொன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த மாநிலம் இது. அந்தச் சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் நெஞ்சையும் மண்ணீரலையும் பார்க்கிற டாக்டருக்குக் கருவைப் பார்ப்பவருக்கான முழுப் பயிற்சி எதற்கு? வரம்பு கட்டிய குறுகிய பயிற்சி, ஒவ்வொரு படமும் சேமிப்பில், மாதாமாதம் தணிக்கை என்று வையுங்கள். மத்திய விதியில் மாற்றம் வேண்டுமென்றால், அதைக் கேட்கும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். சொல்லிக்கொடுக்கவும் ஆள் உண்டு. அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-இலேயே ஏற்றுவிட்டது.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியவர்கள் நீங்கள். அதில் முதல் பத்து நிமிடத்துக்குத்தான் இந்த மெஷின்.

அப்புறம் ஒன்று. கருக்குழாயில் கரு வெடித்து மயங்கி வரும் பெண்ணிடம்தான் டியூட்டி டாக்டரின் கை அதிகம் தயங்குகிறது, ஏனென்றால் அவர் கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்த்தால் அந்தச் சட்டப்படி நிரப்ப வேண்டிய ஃபார்ம் எஃப்-ஐ நிரப்ப மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்பலாமா, யார் கையெழுத்துப் போடுவது? இதற்குத் தெளிவான பதிலை ஒரு சுற்றறிக்கையாகக் கொடுங்கள். கேசுவாலிட்டிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்