தோப்பு நிழலில் செங்காந்தள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை மணலில், மர நிழலில் ஆண்டுதோறும் தானாகத் துளிர்த்துப் பூக்கும் செடி எதுவுமே இல்லை என்று தங்கள் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் வருந்தியிருந்தார். உச்சிப்புளி அருகே, பூவரசும் வேம்பும் பனையும் கலந்து நிற்கும் எங்கள் தோப்பில் ஆறு ஆண்டுகளாகச் செங்காந்தள் வளர்த்துவருபவள் என்ற முறையில் அவருக்கு மறுமொழி எழுதுகிறேன்.

நம் மாநில மலரான இதனைக் கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு என்றால் யாவரும் அறிவர். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில், கோல்சிசின் என்னும் மருந்துப்பொருள் எடுக்க உதவும் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். ஆயினும் பூவுக்காக வீட்டில் வளர்ப்பவர்கள் அரியர்.

கிழங்கு கலப்பை போல் வளைந்திருக்கும். முளைக்கும் கண் அதன் நுனியில் மட்டுமே இருப்பதால், நுனி ஒடிந்த கிழங்கை நட்டுப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில், சுமார் 10 செ.மீ. ஆழத்தில் படுக்கைவாட்டில் வைத்து மூடுகிறோம். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். நம் மணலில் அந்தக் கவலை குறைவு. இலையின் நுனியே பற்றுக்கொடியாகச் சுருண்டு பிடித்தேறுவதால், பக்கத்தில் காய்ந்த குச்சிகள் ஊன்றினால் போதும். முதலாண்டு அடர்ந்த பூவரச நிழலில் நட்டபோது கொடி ஓடியதே தவிர இரண்டு பூக்கள்தான் வந்தன. காலை வெயில் சாய்ந்து விழும் கிழக்கு ஓரத்துக்கு மாற்றிய பின்னரே மனம் நிறையப் பூத்தது. பசுமஞ்சளாய் விரிந்த இதழ்கள் சில நாட்களில் செந்தழலாய் மாறுவதால், ஒரே கொடியில் இரு நிறங்களையும் காணலாம்.

இக்கடற்கரைக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பூத்து ஓய்ந்ததும் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். கிணற்று நீர் உவர்க்கும் கோடையில் இதற்கு ஒரு குடம் தண்ணீரும் தேவையில்லை.

செடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதை எவரும் மறத்தல் கூடாது. சிறு குழந்தைகளும் ஆடுகளும் உலவும் இடத்தில் இதை நடவே வேண்டாம். கையுறை அணிந்தே கிழங்கைத் தொட வேண்டும். சமையல் கிழங்குகளின் அருகே ஒருபோதும் வைக்கக் கூடாது.

வேலியோரங்களில் தானாக வளர்வதைத் தோண்டி எடுக்காமல், பயிரிடுவோரிடமே கிழங்கு வாங்குமாறு அன்பரை வேண்டுகிறேன். சீமைக்கருவேலை அகற்ற இயந்திரம் வரும்போது, உடைமர வேலிகளோடு அவற்றின் அடியில் உறங்கும் இக்கிழங்குகளும் வாரி எறியப்படுவதை நேரில் கண்டிருக்கிறேன். அப்பணியை மேற்கொள்வோர், கொடி கண்ணுக்குத் தெரியும் கார்த்திகை மாதத்திலேயே அவ்விடங்களை அடையாளமிட்டு, அந்த வேலிகளை விட்டுவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி.