மிங்குலே தீவுப் புத்தகம்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஜூன் மாதம் நாங்கள் ஏழு பேர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பாரா தீவின் காசில்பே துறையிலிருந்து படகு எடுத்துக்கொண்டு, இப்போது ஆள் குடியில்லாத மிங்குலே தீவுக்குக் கிளம்பினோம். தெற்கே சுமார் 19 கிலோமீட்டர். மேற்குக் கரையைச் சுற்றும்போதே பறவை எச்சத்தின் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் 200 மீட்டருக்கும் மேலே செங்குத்தாகப் பாறை, அதன் விளிம்புகளில் வரிசை வரிசையாகக் கில்லிமாட், ரேசர்பில் என்ற கடற்பறவைகள். பியுலக்ரேக் என்ற அந்தப் பாறையின் பெயரைத்தான் பாராவின் மெக்னீல் குலத்தார் போர்முழக்கமாக வைத்திருந்தார்கள்.

பிறகு கிழக்குப் பக்கம், ஊர் இருந்த விரிகுடாவுக்கு வந்தோம். ரப்பர் பூட்ஸ் மாட்டி, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுத் தயாராக நின்றோம். பாறைக்கு முப்பதடி தூரத்தில் படகு நின்றது. அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. படகுக்காரர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இறங்க முடியாது. சரி, திரும்பினோம். வாடகை போனது போனதுதான். வழியில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னார்: "அந்த ஊர்க்காரங்களுக்கு இது வாரா வாரம் நடந்திருக்கும்."

மிங்குலேவில் 1881 கணக்கெடுப்பின்போது 150 பேர் இருந்தார்கள். பரப்பு சுமார் 640 ஹெக்டேர். உயரமான குன்று கார்னன், 273 மீட்டர். ஆடு மாடு, கொஞ்சம் பயிர், மீன், கடற்பறவை என்று பிழைத்தார்கள். கேலிக் மொழி, கத்தோலிக்க மதம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: படகுத்துறை கிடையாது. கடலுக்குப் போய் வந்தால் படகை ஒவ்வொரு முறையும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். உடம்பு சரியில்லாதவரை அக்கரைக்குக் கொண்டுபோவதும் அலை விட்ட வழிதான். 1901இல் சாமான் இறக்க ஒரு கிரேன் வைத்துக் கொடுத்தார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. துறை கேட்டவர்களுக்குக் கிரேன்! எங்கள் குழுவில் இதைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுக்கக் கோபப்பட்டிருக்கிறோம்.

1907 முதல் குடும்பங்கள் பக்கத்திலிருந்த வாட்டர்சே தீவுக்குப் போய், அனுமதி இல்லாமலே குடிசை போட ஆரம்பித்தன. நிலத்துக்குச் சொந்தக்காரரான கார்டன் காத்கார்ட் சீமாட்டி வழக்குப் போட்டார். 1908இல் பாரா, மிங்குலே ஆட்கள் பத்துப் பேருக்கு எடின்பரோவில் சிறை. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்ப, 1909இல் அரசே வாட்டர்சேவை வாங்கிக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1911இல் மிங்குலேவில் மிஞ்சியவர்கள் 11 பேர். 1912இல் அவர்களும் கிளம்பிவிட்டார்கள். காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் இன்று வீடுகளை மூடிக்கொண்டிருக்கிறது. பாதிரியார் வீட்டுக் கூரை 1990களில் புயலில் விழுந்தது. 2000 முதல் தீவு, வரலாற்று இடங்களையும் இயற்கையையும் காக்கும் அறக்கட்டளையான ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் இருக்கிறது.

இதைத்தான் தமிழில் 64 பக்கப் புத்தகமாகக் கொண்டுவருகிறோம். வார இறுதியில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகள் ஸ்காட்லாந்து வரலாற்றைப் பள்ளியில் ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள்; வீட்டில் அதைப் பேசச் சொற்கள் இல்லை. எழுத்து வேலை முடிந்துவிட்டது. மிங்குலேவில் இருக்கும் மெக்ஃபீ குன்றின் கதையும் அதில் உண்டு. தீவில் கொள்ளைநோய் என்று தெரிந்ததும், பார்த்துவர இறங்கிய மெக்ஃபீயைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகு ஓடிப்போனதாம். ஒரு வருடம் அவர் தினமும் அந்தக் குன்றில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நாட்டார் கதைதான், ஆனால் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மொத்தச் செலவு 2,400 பவுண்டு. 300 பிரதிகள் அச்சிட, வரைபடம் போட, பிறகு மறுபடியும் படகுக்கு. பாழான தெரு, புதைந்த சுவர், பள்ளிக்கூட வீடு இவற்றின் படம் இல்லாமல் புத்தகம் பாதிதான். அதற்கு ஒருமுறையாவது காலை அந்த மண்ணில் வைத்தாக வேண்டும். 900 பவுண்டு எங்கள் கையிலிருந்தே போட்டுவிட்டோம். மீதி 1,500க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

பத்து பவுண்டு கொடுத்தாலும் சந்தோஷம். இருபதுக்கு மேல் தருபவர்களுக்கு ஒரு பிரதி வீட்டுக்கு வந்துசேரும். குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச் 31க்குள் கிடைத்தால் மே மாதப் படகைப் பேசிவிடலாம். வரவு செலவுக் கணக்கு எல்லோருக்கும் அனுப்பப்படும். பணம் மிஞ்சினால் தீவின் பராமரிப்புக்கென்று டிரஸ்டுக்குக் கொடுத்துவிடுவோம். இந்த முறையும் அலை இறங்கவிடாவிட்டால் படகிலிருந்து எடுத்த படங்களோடு புத்தகம் வரும்; அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

கொடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் இடம்பெறும். வேண்டாம் என்பவர்கள் ரசீது வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
புத்தகக் குழுவினர்