புற்கென்ற கண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கண்புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்ன செய்திதான் மனத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. எழுத்து இருப்பது தெரிகிறது, ஆனால் 'க'வா 'த'வா என்று பிரிக்க முடியவில்லை, மெய்யெழுத்தின் புள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இதற்கு 'மங்கல்' போதவில்லை என்றும் குறைப்பட்டிருந்தாய்.

போதாதுதான். விளக்கும் மங்கும், வெயிலும் மங்கும், புகழும் மங்கும். உன் நிலைக்கென்றே வள்ளுவரிடம் ஒரு சொல் இருக்கிறது. 1261ஆம் குறளைப் பார்:

வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற
நாளொற்றித் தேய்ந்த விரல்.

வாள் என்றால் இங்கே ஒளி. ஒளி பொருந்திய நெற்றியை வாணுதல் (வாள் + நுதல்) என்கிறோமே, அந்த வாள். பிரிந்து போனவன் வரும் வழியையே பார்த்துப் பார்த்துத் தலைவியின் கண் ஒளியிழந்து புற்கென்றது. சுவரில் கோடிட்டு வைத்த நாள்களைத் தொட்டு எண்ணி விரலும் தேய்ந்தது. 'நுண்ணிய காண்டல் மாட்டாவாயின', அதாவது நுண்ணியவற்றைக் காண முடியாமல் போயின என்பது பரிமேலழகர் உரை. எவ்வளவு நுட்பம் பார்! பார்வை போய்விடவில்லை. வழி தெரிகிறது, யாரோ வருவதும் தெரியும், முகந்தான் பிடிபடாது. புரையும் இதைத்தான் செய்கிறது. கண்ணின் வில்லை (லென்ஸ்) கலங்கிப்போவதால் உள்ளே நுழையும் ஒளி சிதறுகிறது. இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் அதனால்தான்.

புன்மை (சிறுமை), புன்கண் (துயரம்) எல்லாம் இந்தச் சொல்லுக்கு உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பளிச்சென்று, சில்லென்று என்பவற்றைப் போல 'என்று' சேர்ந்து வரும் குறிப்புச் சொல் இது. ஆகவே 'காலையிலிருந்து கண் புற்கென்று இருக்கிறது' என்று நீ தாராளமாக எழுதலாம். தெளிவில்லாத புகைப்படத்துக்கு இதைச் சொல்ல மட்டும் எனக்கு மனம் வராது. நெடுநேரம் வழி பார்த்த கண்ணுக்கு உரிய சொல்லை அங்கேயே விட்டுவைப்போம்.

அறுவையை நினைத்துக் கலங்காதே. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை பொருத்துவார்கள். நாள் குறித்ததும் எழுது. துணைக்கு நான் வருகிறேன். நீ சிரமமின்றிப் படிக்கவே இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்