தங்கச்சியிடம் கேட்டாயா?

ஏற்காடு,
டிசம்பர் 8.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் பகல் முழுவதும் கூடைகளை எடை போடுவதும் பேரேட்டில் பெயர் எழுதுவதுமாகக் கழிகிறது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதே பனி இறங்கிவிடுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிதானமாக எழுத உட்கார்ந்தேன். நான் தங்கச்சி என்று அழைக்கும் உன் மனைவிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, ரத்த அளவு பதினொன்றுக்கு மேல் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் என் மனைவிக்கு மிகுந்த நிம்மதி. தறிக்கூடத்தில் நூல் விலை பற்றி நீ எழுதியதற்கு அடுத்த கடிதத்தில் பதில் சொல்கிறேன். இன்று வேறொரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். இரண்டாவதும் சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம் என்று அம்மாவும் மாமியாரும் சொல்கிறார்கள், உனக்கும் அதுவே சரியாகப் படுகிறது என்பதுதான் அந்த வரி. அதை நான் மூன்று முறை படித்தேன். அதில் உன் அம்மா இருக்கிறார், உன் மாமியார் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், நீயும் இருக்கிறாய். யாருடைய வயிற்றில் கத்தி படப்போகிறதோ அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் எங்குமே இல்லை. நீ கேட்டிருக்கலாம், எழுத விட்டுப்போயிருக்கலாம். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை, ஏனென்றால் ஐந்து வருடத்துக்கு முன்பு நானும் இதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.

சின்னவன் பிறந்தபோது நடந்ததை உனக்கு முழுவதும் நான் சொன்னதில்லை. எட்டாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்து, இரவோடு இரவாக ஒரு ஜீப்பைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். மயக்க மருந்துக்கு ஒரு தாள், அறுவைக்கு ஒரு தாள், ரத்தத்துக்கு ஒரு தாள் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்த பணியாளர் நான்காவதாக ஒரு தாளை நீட்டி, "இரண்டாவது குழந்தைதானே, இதிலும் போட்டுவிடுங்கள்" என்றார். படித்துப் பார்த்தால் கருக்குழாயைக் கட்டி வெட்டுவதற்கான சம்மதம். உள்ளே என் மனைவி வலியில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பிறக்கப்போகும் குழந்தை பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை, வெளியே என் கையில் பேனா. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அவளிடம் கேட்காமல் போட மாட்டேன், இப்போது அவளிடம் கேட்கவும் முடியாது" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பையன் பன்னிரண்டு நாட்கள் இன்குபேட்டரில் இருந்து பிழைத்து வந்தான். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து இதை அவளிடம் சொன்னபோது, "கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் கேட்கவே கேட்காமல் முடிந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது" என்றாள்.

பிறகு எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் விளக்கிய பின்தான் எனக்கு முறை தெரிந்தது. நிரந்தரக் கருத்தடைக்குச் சம்மதம் தர வேண்டியவர் யாருக்குச் செய்யப்படுகிறதோ அவரே. கணவன் கையெழுத்து இருந்தால்தான் செய்ய முடியும் என்று அரசு விதியில் கிடையாது. அந்தச் சம்மதத்தையும் பிரசவ வலியிலோ மயக்கத்திலோ இருக்கும்போது வாங்கக் கூடாது. மாதப் பரிசோதனைகளின்போதே நிதானமாகப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன என்பதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

பெண்கள் செய்துகொள்ளும் அறுவைசிகிச்சை தவறு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. தங்கச்சியே முழு மனதோடு வேண்டும் என்றால், சிசேரியனோடு சேர்த்துச் செய்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. திறந்த வயிற்றில் கூடுதலாகச் சில நிமிட வேலைதான், தனித் தழும்பு இல்லை, மறுபடி மயக்க மருந்து தேவையில்லை. என் அக்கா அப்படித்தான் செய்துகொண்டாள், ஒரு நாளும் வருந்தியதில்லை. முதல் ஆண்டில் ஆயிரம் பேரில் ஐந்து பேர் அளவுக்குத் தவறிப்போவதுண்டு. அறுவைக்குப் பிறகும் நாள் தள்ளிப்போனால் குழாயிலேயே கரு தங்கியிருக்கக்கூடும் என்பதால் உடனே காட்ட வேண்டும். இவ்வளவையும் அவளுக்குச் சொல்லிவிட்டு அவள் சொல்லும் பதிலுக்குக் காத்திரு.

ஆனால் அவளுக்கு வயது இருபத்தைந்துதான் என்பதையும் யோசி. முப்பது வயதுக்குள் இதைச் செய்துகொண்டவர்களில் பின்னாளில் வருந்துகிறவர்கள், முப்பதுக்கு மேல் செய்துகொண்டவர்களைவிட மிகவும் அதிகம் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. அமெரிக்காவை விடு, நம் நாகப்பட்டினத்தை நினைத்துப் பார். 2004 சுனாமியில் பெற்ற பிள்ளைகளை எல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைசிகிச்சையை இலவசமாகச் செய்துகொள்ள நம் அரசே அன்று ஏற்பாடு செய்தது. சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. வெட்டியதை இணைத்துவிடலாம் என்ற நினைப்போடு யாரும் இதற்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கர்ப்பிணியிடம் சொல்லத்தக்க செய்தி அன்று, உன் மனதில் மட்டும் வைத்துக்கொள்.

நிரந்தரமாக வேண்டாம், ஆனால் பல வருடம் கவலையில்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னால் காப்பர் டி இருக்கிறது. சிசேரியனின்போதே, நஞ்சுக்கொடி வெளிவந்த கையோடு கருப்பைக்குள் வைத்துவிடலாம். இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து வைக்கலாம். 380 ஏ என்ற வகை பத்து ஆண்டுக்கும், 375 என்ற வகை ஐந்து ஆண்டுக்கும் தாங்கும், எடுத்துவிட்டால் மறுபடி கரு தரிக்கலாம். என் மனைவிக்கு அதைத்தான் வைத்தோம், அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகி, ரத்த அளவு எட்டுக்கு வந்து, காலையில் அடுப்படியில் நின்றபடியே சுவரில் சாய்ந்துகொள்வாள். ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்து எடுத்துவிட்டோம். அதே காப்பர் டியோடு என் மைத்துனி ஏழு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறாள், ஆகவே எங்கள் கதையைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம்; ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம் உள்ள பெண் என்றால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், சாயா மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தாய்ப்பால் கொடுப்பவர்கள் சாயாவை எடுத்துக்கொள்ளலாம், முதல் மூன்று மாதம் வாரம் இரு முறை, பிறகு வாரம் ஒரு முறை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அக்டோபரில், அறுவடை தொடங்கும் முன், நான் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை, செய்துகொண்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம் என்று சொல்ல மாட்டேன், யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்பதே உண்மை. காப்பர் டி எடுத்த பிறகு ஒரு மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. பதினொரு நாட்கள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு முறை கிழிபட்ட வயிறு, மூன்றாவது முறையை நினைத்து அவள் நடுங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கருத்தரிப்பில்லை என்று தெரிந்த அன்று இரவே, இனி இந்தப் பாரம் என்னுடையதாக இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

சேலம் அரசு மருத்துவமனையில்தான் செய்துகொண்டேன். கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை; விதைப்பையில் மரத்துப்போக ஓர் ஊசி, அந்த ஊசி மட்டும் சுருக்கென்று வலித்தது. பிறகு ஒரு சிறு துளை வழியாக இரண்டு பக்கத்து விந்துக்குழாயையும் வெளியே எடுத்துக் கட்டி வெட்டிவிடுகிறார்கள். குழாயை இழுக்கும்போது அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ பற்றி இழுப்பதுபோல ஓர் உணர்வு இருந்தது, அவ்வளவுதான். மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு, வெளியே ஒரு டீ குடித்துவிட்டு, ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இருக்கை குலுங்கும்போதெல்லாம் என் மனைவி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டில் படுத்தேன், நான்கைந்து நாள் லேசான வீக்கமும் கருநீலமும் இருந்தன, பத்து நாள் கழித்து வழக்கம்போலத் தோட்டத்தைச் சுற்றினேன்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அறுவை முடிந்த அன்றே பலன் வந்துவிடாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் உயிரணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஆணுறை கட்டாயம், மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று எழுதி வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர் வீட்டில் மனைவி கர்ப்பமாகி, ஊரார் அவளைச் சந்தேகமாகப் பார்த்த கொடுமையை எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே நான் பார்த்திருக்கிறேன். தவறு பரிசோதனைக்குப் போகாத ஆணிடம். பழி வீட்டுக்குள் இருந்தவள் மேல்.

ஆண்மை போய்விடுமோ என்று நீயும் கேட்பாய், நானும் டாக்டரிடம் கேட்டேன். விதையில் சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போவது, அதற்கும் வெட்டிய குழாய்க்கும் தொடர்பில்லை. விந்தில் உயிரணு மிகச் சிறிய பங்குதான், மீதி எல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டு வருடமாக எங்கள் வாழ்க்கையில் குறைந்தது அவளுடைய பயம் ஒன்றுதான்.

இந்தப் பயம் நம் அப்பாக்கள் காலத்திலிருந்து வருவது. அன்றைய சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே ஆண் கருத்தடையை முன்னெடுத்த மாநிலம். பிறகு நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்த அநியாயத்துக்குப் பிறகு ஆண்கள் விலகிக்கொண்டார்கள், சுமை மொத்தமும் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள், கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் வெறும் 0.3 சதவீதம். வயிற்றைத் திறக்காத, தவறும் வாய்ப்பும் குறைவான, அரசு ஊக்கத்தொகையும் கூடுதலாகத் தரும் சிகிச்சைக்கு ஆள் வருவதில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் ஆண் கருத்தடைக்காகவே இரண்டு வாரம் ஒதுக்கிப் பிரசாரம் செய்கிறார்கள். இந்த முறை செவிலியர் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது ஆண்களிடம் நானே பேசினேன். "மூட்டை தூக்குகிறவன் உடம்பு சார், செய்துகொண்டால் பலம் போய்விடும்" என்றார் ஒருவர். அவருக்குப் பின்னால், மூன்று மாதத்துக்கு முன் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட அவருடைய மனைவி, பழம் நிறைந்த சாக்கைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்தச் சாக்கை நான்தான் எடை போட்டேன், முப்பத்தொரு கிலோ. அவர் திரும்பி அவளைப் பார்த்தார், பதில் பேசவில்லை. போன வியாழக்கிழமை செவிலியரின் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. தங்கச்சி தனக்கே செய்துகொள்வதாகச் சொல்லலாம், காப்பர் டி போதும் என்று சொல்லலாம், குழந்தை பிறந்து ஒரு வயது ஆகட்டும் என்று சொல்லலாம். உன் முறைக்கு அவசரமே கிடையாது, அவளுடைய பிரசவத்தோடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கினால், என் மனைவி வந்து பேசுவதாகச் சொல்கிறாள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல் நீயும் உள்ளே போ. அதற்கு முன் இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடு, சுனாமி பற்றி எழுதிய அந்த ஒரு பத்தியை மட்டும் மடித்துவை.

பொங்கலுக்கு மறுநாள் நாங்கள் கீழே வருகிறோம். காயவைத்த மிளகு அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறாள், பிரசவ மருந்துக்கு உதவும். எனக்குப் பதில் எழுதும்போது, தங்கச்சி என்ன சொன்னாள் என்பதை அவள் வார்த்தையிலேயே எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்