வகுப்பு வீடியோவை வெளியே அனுப்ப வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ பாடங்களைக் குறிப்புகளாக மாற்றுவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏதாவது ஓர் இணையதளத்தில் வீடியோவை ஏற்றினால் பிடிஎஃப் ஆகிவிடும் என்பதோடு அது முடிந்துவிட்டது. பள்ளியில் இயற்பியல் நடத்தும் எனக்கு அது உறுத்தியது. எங்கள் வகுப்பு வீடியோக்களில் பிள்ளைகளின் குரலும் பெயரும் இருக்கின்றன. நடத்துவது யார் என்றே தெரியாத ஒரு தளத்துக்கு அவற்றை ஏன் அனுப்ப வேண்டும்? அந்த வேலை முழுவதும் நம் கணினியிலேயே, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும்கூட நடக்கும்.

நான் பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக். வீடியோக்களைக் கையாள்வதற்காக 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற நிரலாளர் தொடங்கிய இலவச மென்பொருள். அழுத்துவதற்குப் பட்டன்கள் கிடையாது, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். இதைக் கேட்டதுமே எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் சரியாக அமைந்த ஒரு வரியைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த வீடியோவுக்குக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

வீடியோ என்பது பிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களின் தொடர். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு மணி நேர வகுப்பில் 90,000 பிரேம்கள். குறிப்புக்கு நமக்குத் தேவையானவை சில டஜன்தான். அவற்றைப் பொறுக்கி எடுப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஒவ்வொரு பிரேமும் முந்தைய பிரேமிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று எஃப்எஃப்எம்பெக் 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். நாம் கொடுக்கும் அளவைத் தாண்டியதை மட்டும் படமாகச் சேமிக்கச் சொல்லலாம். வழக்கமாக 0.3, 0.4 என்று வைக்கச் சொல்வார்கள். சினிமாவுக்கு அது சரி. வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் மாறுகிற ஸ்லைடுகளுக்கு அப்படி வைத்தால் பல பக்கங்கள் நழுவிவிடும். 0.1-க்கும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ரொம்பவும் இறங்கிவிட்டால், ஓரத்தில் தெரியும் ஆசிரியர் கையை அசைப்பதெல்லாம் தனித்தனிப் பக்கமாக வந்து நிற்கும்.

கரும்பலகைக்கு இந்த வழி உதவாது. சாக்பீஸ் எழுத்து மெல்ல மெல்லக் கூடுவதால், அடுத்தடுத்த இரண்டு பிரேம்களுக்குள் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. அங்கே 30 நொடிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு, டஸ்டர் பலகையில் படுவதற்கு முந்தைய படங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வரி வரியாகத் தோன்றும் ஸ்லைடுகளுக்கும் இதே கதைதான். மாற்றம் தெரிந்த நொடியில் எடுத்த படத்தில் தலைப்பு மட்டும்தான் இருக்கும், பாடம் இருக்காது.

அப்புறம் படங்களை ஒரே கோப்பாக்க ஐஎம்ஜி-டு-பிடிஎஃப் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ஜேபெக் படங்களை மறுபடி சுருக்காமல் அப்படியே பக்கங்களாகக் கோப்பதால் எழுத்து மங்காது. சொல்லைத் தேட வசதி வேண்டுமென்றால், படத்தில் உள்ள எழுத்தைப் படித்தறியும் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளை ஓட்டலாம். தமிழும் அதற்குத் தெரியும். அச்செழுத்தை நன்றாகவே படிக்கிறது. என் கையெழுத்தையும் சமன்பாடுகளையும் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

ஸ்லைடு கோப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் அதையும் வீடியோவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் இத்தனை பாடும் மிச்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கினால், இந்தக் கட்டளை வரிகளை எந்தப் பகுதி என்ன செய்கிறது என்ற தமிழ் விளக்கத்தோடு எழுதி அனுப்புகிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் தனித்தனியாகவே தருகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்