கடிவாளம் கடைசியில்

சூளை, சென்னை

அன்புக் கண்ணு கயல்,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு நைனா ஞாபகமாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன பேத்தி சனிக்கிழமைகளில் பண்ணையில் வண்டிக் குதிரையை அவிழ்க்கிறாள் என்றால் உன் தாத்தா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஜட்கா குதிரை வண்டி ஓட்டியவர் அல்லவா.

கடிவாளத்தை ஏன் கடைசியில் கழற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டாய். அது எனக்குப் பத்து வயதில், பட்டுத் தெரிந்தது. வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு மத்தியானம் நைனா டீ குடிக்கப் போயிருந்தார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று கடிவாளத்தைத் தலையோடு உருவிவிட்டேன். வண்டி பூட்டியபடியே இருக்கிறது. கடிவாளத்தோடு இருந்த, கண்ணை மறைக்கும் பட்டையும் போனதும் பின்னால் இருந்த வண்டிக் கூண்டு குதிரைக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் கண் பக்கவாட்டில். கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். எடுத்தது ஓட்டம். ஓட ஓட அந்தப் பூதமும் கூடவே வருகிறது! இழுத்துப் பிடிக்க வாயில் இரும்பும் இல்லை. சக்கரம் உடைந்து ஒரு வார வருமானம் போச்சு. நைனா அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அதற்கு அடியே தேவலை.

அப்புறம் அவரே கையைப் பிடித்துக் காட்டினார். பூட்டியதற்கு நேர் எதிர் வரிசை. முதலில் வயிற்றுப் பட்டை, வண்டியை இழுக்கிற வார் பட்டைகளில் கடைசி. உங்கள் பண்ணையில் பின்தொடையைச் சுற்றியும் ஒரு பட்டை இருக்குமே, அது நடுவில். பிறகு கம்புகளைத் தூக்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதுவரை கடிவாளம் தலையிலேயே இருக்கட்டும்.

சேணத்தை எடுத்ததும் முதுகைத் தடவிப் பார். எல்லா இடமும் வேர்த்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கேதான் சேணம் அழுத்துகிறது. விட்டால் புண். அப்படி ஒரு தடவை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப் போனோம்.

வாயிலிருந்து இரும்பை இழுக்காதே. காதுப் பக்கம் வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திரு. அதுவே நாக்கால் தள்ளித் துப்பும். அவசரப்பட்டால் பல்லில் டக்கென்று இடிக்கும், அடுத்த நாள் தலையை உயரத் தூக்கிக்கொண்டு உனக்குப் போக்குக் காட்டும்.

1973ல் கைரிக்‌ஷாவை ஒழித்தார்கள். ஜட்காவை யாரும் ஒழிக்கவில்லை. ஆட்டோ வந்து தானாகத் தேய்ந்தது. இப்போது நான் குதிரை பார்க்க மெரினா மணலுக்குத்தான் போக வேண்டும்.

சரி, உன் குதிரையின் பெயரைச் சொல்லவே இல்லையே. அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உதைக்குமா என்பதையும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா