குளத்து மீன் சாவில் மர்மம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கோயில் குளத்தில் மீன்கள் செத்து மிதந்த செய்திக்கு ‘வெயிலில் தண்ணீர் கொதித்ததா, விஷமிகள் கைவரிசையா?’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. முந்தின நாள் மாலை கோடை மழை. விடியலில் பெரிய கட்லாக்கள் வாயைப் பிளந்து நீர்மட்டத்தில் திணறின. விரால் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. அத்தனையும் உங்கள் செய்தியிலேயே இருக்கிறது. விடையை அச்சிட்டுவிட்டு மர்மம் என்று எழுதியதுதான் வருத்தம்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். அதே எடைக் காற்றுக்கு 1 போதும். ஆவியாகும் ஒவ்வொரு கிலோ நீரும் 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. அதனால்தான் வெளியில் 40 டிகிரி அடித்தாலும் குளத்தில் மீன் பிழைக்கிறது. தண்ணீர் கொதிக்கவில்லை, மூச்சுதான் குறைந்தது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். தண்ணீரில் 20 டிகிரியில் 9 கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதையும் இரவெல்லாம் பாசியும் சேறும் இழுத்துக்கொள்கின்றன. விடியலுக்குச் சற்று முன்தான் மிகக் குறைவு. வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகி லேசாக மிதக்கும், அடிநீர் ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும். மழை பெய்து மேல்நீர் குளிர்ந்தால் கனத்து இறங்கும். அடியில் கிடந்த கெட்ட நீர் குளம் முழுக்கக் கலந்துவிடும். பெரிய மீன் முதலில் சாகும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். விஷமென்றால் நேரம் பார்க்காது. குஞ்சு, விரால், தவளை எல்லாம் சேர்ந்தே சாகும்.

செத்த மீனை அள்ளாமல் ஊழியர்கள் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவியதைப் பாராட்டியும் எழுதியிருக்கிறீர்கள். குளோரின் மிச்ச மீனின் செவுளை அரிக்கும். சுண்ணாம்பு காரத்தை ஏற்றி, கழிவிலுள்ள அம்மோனியாவை நஞ்சாக்கும். செய்ய வேண்டியது வேறு. தீனியையும் உரமாக இடும் சாணத்தையும் நிறுத்த வேண்டும். பின்னிரவு 2 மணி முதல் வெயில் ஏறும்வரை மோட்டாரால் குளத்து மேல்நீரையே எடுத்து, உயரத்திலிருந்து பலகை மேல் சிதறவிட வேண்டும். போர்வெல் நீரை நேரே விட்டால் பயனில்லை, அதிலேயே ஆக்சிஜன் குறைவு. அதையும் சிதறடித்தே விட வேண்டும். முழங்கை வரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள்.

இது முதல் தடவையும் இல்லை. ‘குளிர்ந்தால் எல்லாப் பொருளும் சுருங்கும், தண்ணீரும் அப்படியே’ என்று மாணவர் இணைப்பில் போட்டீர்கள். தண்ணீர் 4 டிகிரி வரைதான் சுருங்கும். அதற்குக் கீழே விரியும், பனிக்கட்டி மிதக்கும். காஷ்மீரின் தால் ஏரி மேலே உறைந்தாலும் அடியில் மீன் வாழ்வது அதனால்தான். திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. பிறகு ‘ஆக்சிஜன் ஏற்றிய குடிநீர்’ விளம்பரம் முழுப் பக்கத்தில் வந்தது. சாதாரணமாக உள்ளிழுக்கும் ஒரு மூச்சிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. திறந்த பாட்டில் நீரில் அவ்வளவு தங்காது. நம் குடல் செவுளும் அல்ல.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மீன் சாவுச் செய்தியில் வந்த, குளத்து மீன் ‘குத்தகை கிடைக்காதவர்கள் மீது சந்தேகம்’ என்ற வரியைத் திரும்பப் பெற்று அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். அந்த ஊரில் அவர்கள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். இனி மீன் செத்தால், எத்தனை மணிக்கு மிதந்தது, எந்த மீன் பிழைத்தது என்ற இரண்டையும் நிருபர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்போர்க்கு ஆலோசனை சொல்லும் வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்